நாடி இல்லாத தம்பி

என் தம்பி தமோட்சுவுக்கு நான்கு வருடமும் இரண்டு மாதமும் நாடி இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாலும் கழுத்தில் விரல் வைத்தாலும் ஒன்றும் தட்டாது. ஆனால் அவன் சாப்பிட்டான், பேப்பர் படித்தான், என்னோடு சண்டை போட்டான். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். நானே இரண்டையும் செய்திருக்கிறேன்.

ஜப்பானில் தாட்சுனோ என்ற எங்கள் ஊரில் அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷனில் கிளம்பி, ஆற்றோரமாகச் சோயா சாஸ் ஆலைகளைத் தாண்டி, மலையடிவாரம் வரை போகும் பஸ். நாற்பத்தாறு வயதில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. சளி என்று நினைத்தான். கால் வீங்கி ஷூவுக்குள் நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். இதயத்தின் சதை தளர்ந்து, பழைய பனியன் மாதிரி தொளதொளத்துப் போய்விட்டது என்றார்கள். மாற்று இதயம் ஒன்றுதான் வழி. அது கிடைக்க எத்தனை வருடமானாலும் ஆகலாம். அதுவரை உயிர் தங்க, நெஞ்சுக்குள் ஒரு பம்ப் வைக்க வேண்டும்.

பம்ப் வைத்தவர்கள் தனியாக இருக்கக் கூடாது. கூடவே இருப்பவர் அந்த யந்திரத்தைப் படித்து, பரீட்சை எழுதித் தேற வேண்டும். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி, முடிந்தும் போயிருந்தது. ஹிமெஜி நகரத்தில் கருவாட்டுக் கடை வேலையை விட்டுவிட்டு, அப்பா அம்மா இருந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன்.

டாக்டர் ஒகினோ எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற பெண்மணி.

"நீங்க மணிக்கட்டுல தொட்டுப் பாக்கறது ரத்தத்த இல்லைங்க, ரத்தத்துக்கு விழற அடிய. இதயம் ஒரு தடவ இறுக்கினா, அந்தத் தள்ளல் குழாய்ச் சுவர் வழியா அலையா ஓடி வருது. அப்புறம் இதயம் தளர்ந்து, அடுத்த அடிக்கு ரத்தத்த நிரப்பிக்குது. நாங்க வைக்கிற பம்ப்புக்கு அந்த ஓய்வு கிடையாது. இடது அறையில இருக்கற ரத்தத்த இழுத்து, பெரிய தமனிக்குள்ள ஒரே சீரா விட்டுக்கிட்டே இருக்கும். அலை இருக்காது. அதனால நாடியும் இருக்காது."

"அப்ப இவனோட இதயம்?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்கும். துடிச்சுக்கிட்டும் இருக்கும். வலது பக்கம் நுரையீரலுக்கு ரத்தத்த அனுப்பிக்கிட்டிருக்கும். இடது பக்கத்துக்குத்தான் வால்வத் திறந்து வெளிய தள்ளற பலம் இல்ல."

"ஆக, நான் இனிமே எலெக்ட்ரிக் பஸ்," என்றான் தமோட்சு. டாக்டர் சிரித்துவிட்டார்.

வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு பென்சில் கனத்தில் ஓர் ஒயர் வெளியே வந்தது. அதன் முனையில் சின்னப் பெட்டி, இரண்டு பேட்டரி. எல்லாவற்றையும் தோள்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். வண்டி ஓட்டக் கூடாது, தொட்டிக் குளியல் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் நாட்டோ கூடாது. பிறந்ததிலிருந்து காலைச் சோற்றில் அந்தப் புளித்த சோயாவைப் பிசைந்து தின்றவன். "எந்தப் பாவிடா இதைக் கண்டுபிடிச்சான்" என்று மாத்திரையைத் திட்டிக்கொண்டே விழுங்குவான். தினமும் காலையில் பெட்டியில் தெரியும் எண்களை நோட்டில் எழுதுவான். பம்ப் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று.

முதல் மூன்று வருடம் எல்லாவற்றையும் விளையாட்டாகவே வைத்திருந்தான். டிப்போவிலிருந்து பார்க்க வருகிற இளைய டிரைவர்களிடம் கையை நீட்டி, "நாடி புடிச்சிப் பாருடா, கண்டுபிடிச்சா பீர் வாங்கித் தரேன்" என்பான். மருந்துக்கடையில் இலவச ரத்த அழுத்த மெஷினுக்குள் கையை விட்டு, அது குழம்பி மறுபடி மறுபடி இறுக்குவதைப் பார்த்து ரசிப்பான். நான்தான் சிரிக்க முடியாமல் இருந்தேன். அவன் பகலில் தூங்கும்போது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருக்கும், அசைவே இருக்காது. வெயிலில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி. நெஞ்சில் காதை வைத்தால் லப்-டப் இல்லை, ஒரு மெல்லிய ரீங்காரம். போகப்போக அந்த ரீங்காரம் எனக்கு எங்கும் கேட்டது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், ரயில் பிளாட்பாரத்துக் குளிர்பான மெஷினில், யாருமே இல்லாத குளியலறையில்.

மூன்றாவது புத்தாண்டுக்குக் கோவிலுக்குப் போனோம். அவன் கைகூப்பி வெகுநேரம் நின்றான். திரும்பும்போது என்னடா கேட்டாய் என்றேன்.

"ஒண்ணும் கேக்கல."

"அவ்வளவு நேரம் நின்னியே?"

"என்னன்னு கேக்கறது அக்கா? யாராவது சீக்கிரம் சாகட்டும்னா?"

அதற்கப்புறம் நானும் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

நான்காவது வருடம் ஆகஸ்டில், செத்தவர்கள் வீடு திரும்பி மூன்று நாள் தங்குவதாக நம்பும் பண்டிகைக்கு முந்தைய தினம். அப்பா அம்மா படங்கள் இருக்கும் மாடத்துக்கு வைக்கப் பூவும் வெள்ளரிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். தார் உருகுகிற வெயில். அவனை ஒரு கடையின் நிழலில் நிறுத்திவிட்டு நான் பழக்கடைக்குள் போனேன். பீச் பழத்தைப் பற்றிக் கடைக்காரியோடு பேச்சு வளர்ந்துவிட்டது. பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வெளியே வந்தால் கூட்டம். அவன் தரையில் கிடந்தான். வியர்த்து வியர்த்து உடம்பில் நீர் வற்றி, பம்ப்புக்கு இழுக்க ரத்தம் போதாமல் மயங்கி விழுந்திருக்கிறான். அவன் மேல் ஒரு பெரியவர் மண்டியிட்டுக் குனிந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அமுக்காதீங்க! உள்ள பம்ப் இருக்கு! அமுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு விழுந்தடித்து ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் தானாகவே கையை எடுத்துவிட்டார். மறுபடி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் மெதுவாகச் சொன்னார்: "போயிட்டார்."

அந்த வார்த்தை எனக்குக் கேட்டது. பாதி மூடிய கண்ணோடு கிடந்த தமோட்சுவுக்கும் கேட்டிருக்கிறது.

ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. பம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றி நான்காம் நாள் அனுப்பிவிட்டார்கள். வீடு வந்த ஆவிகளை வழியனுப்பும் நெருப்பைத் தெருவில் எல்லா வீட்டிலும் கொளுத்தி முடித்திருந்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் கொளுத்தவில்லை.

மறுநாள் பகல் அந்தப் பெரியவர் இனிப்புப் பெட்டியோடு மன்னிப்புக் கேட்க வந்தார். இவாமோட்டோ என்று பெயர். முப்பத்தோரு வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாயில் நெற்றி படக் குனிந்தார்.

"எழுந்திருங்க சார். நீங்க கத்துக்கிட்டதத்தானே செஞ்சீங்க," என்றான் தமோட்சு.

அவர் எழுந்து உட்கார்ந்து, "ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

தமோட்சு கையை நீட்டினான். பெரியவர் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு அந்தக் கையை ஏதோ உடைந்துவிடக்கூடிய பொருள் போல மெதுவாகத் தமோட்சுவின் மடியிலேயே வைத்தார். அவர் நெற்றியில் வியர்வை.

வழியனுப்பும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஆயிரம் பேரத் தொட்ட விரலு இது. ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல. உங்க தம்பி சிரிக்கறாரு, பேசறாரு. ஆனா இப்பவும் இது அதே வார்த்தையத்தான் சொல்லுது. அதான் அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல."

எங்களுக்கும் தமோட்சுவுக்கும் நடுவில் வெறும் காகிதக் கதவு, எல்லாம் உள்ளே கேட்டிருக்கும். உள்ளே திரும்பியபோது தமோட்சு இருந்த இடத்திலேயே இருந்தான். இனிப்புப் பெட்டியைப் பிரிக்கவில்லை.

"அக்கா, வந்தவங்க எல்லாரும் திரும்பிப் போயாச்சு இல்ல?"

"ஆமாம், நேத்தே."

"நான் மட்டும்தான் நிக்கறேன்."

"வாய மூடு. பைத்தியக்காரன் மாதிரி பேசாதே."

அவன் வாயை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு நிறையவே மூடிக்கொண்டான். நாடி பிடிக்கச் சொல்லி யாரிடமும் கையை நீட்டவில்லை. டிப்போ நண்பர்கள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சோற்றில் சாப்பிடும் குச்சிகளை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். தெருவில் நடந்தால் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தான், யார் மேலும் பட்டுவிடாதபடி.

அக்டோபரில் ஒருநாள் காலை மாடத்தைத் துடைக்கக் கதவைத் திறந்தேன். அப்பா படம், அம்மா படம், அதற்குப் பக்கத்தில் தமோட்சுவின் படம். பஸ் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்தது. தொப்பி போட்டுச் சிரிக்கிறான். அதன் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீர்.

அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடினேன். "யாருடா இதை அங்க வச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

"இடம் சும்மா இருந்துச்சு, அக்கா."

கன்னத்தில் அறைந்துவிட்டேன். ஐம்பது வயது ஆண்பிள்ளையை. கன்னம் சிவந்தது. சிவந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பாருடா, ரத்தம் வருது பாரு, ஓடுது பாரு" என்று அழுதேன். அவன் தோள்பையை அணைத்துக்கொண்டு, "அது மெஷின் அக்கா" என்றான்.

நவம்பர் கடைசியில் அவன் முகம் மஞ்சளடித்திருந்தது. கேட்டால் குளிர் என்றான். அவன் குளிக்கப் போயிருந்தபோது ஏனோ தோன்றி அவன் எழுதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு வருடமாக மின்சார அளவு நாலு, நாலே கால், நாலு என்றுதான் போகும். கடைசி மூன்று நாளில் ஐந்தரை, ஆறே கால், ஏழு. ஓரத்தில் சின்ன எழுத்தில்: "சிறுநீர் கருஞ்சிவப்பு."

பரீட்சைக்குப் படித்தது அப்படியே நினைவுக்கு வந்தது. பம்ப்புக்குள் ரத்தம் கட்டுகிறது. கட்டியை எதிர்த்துச் சுற்ற அதிக மின்சாரம் வேண்டும். கட்டிக்கும் பம்ப்பில் சுற்றும் விசிறிக்கும் நடுவில் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன. உடைந்ததெல்லாம் சிறுநீரில் போகிறது.

அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். நோட்டை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மூணு நாளா தெரியும் உனக்கு?"

"ம்."

"எழுதி வச்சிருக்க. என்கிட்ட சொல்லல."

"பதினெட்டு வருஷம் டிரிப் ஷீட் எழுதினவன். பொய் எழுத வரல," என்றான். "சொல்லத் தோணல. அந்தாளு அன்னைக்கே போயிட்டேன்னு முடிச்சிட்டாரு, இன்னொரு தடவ எதுக்குன்னு..."

செருப்பு மாட்டக்கூட விடாமல் காரில் தள்ளினேன். ஆஸ்பத்திரிக்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். வாழ்க்கையில் அப்படி ஓட்டியதில்லை, அப்படிப் பேசியதுமில்லை.

"நீ செத்துட்டன்னு நெனச்சா செத்துக்கோ. ஆனா நாலு வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேனே, நான் யாரு? பேயோட குடித்தனம் பண்றவளா? எனக்கு ஒரு பதில் சொல்லுடா!"

கோபே நகரத்தைத் தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "அக்கா, லாரி பின்னாலேயே ஒட்டிப் போற. இடைவெளி விடு," என்றான்.

பஸ் டிரைவரின் குரல் அது. மூன்று மாதமாகக் கேட்காத குரல். இடைவெளி விட்டேன்.

மருந்து ஏற்றிக் கட்டியைக் கொஞ்சம் கரைத்தார்கள். முழுக்கக் கரையவில்லை. பம்ப்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்று பேசிக்கொண்டிருந்த மூன்றாவது வாரம், ஒரு காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஒகினோ அறைக்குள் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதயம் ஒண்ணு இருக்குன்னு தகவல் வந்திருக்கு. ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும்."

தமோட்சு ஜன்னலைப் பார்த்தான். "அவங்க வீட்ல இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பாங்க டாக்டர்?" என்று கேட்டான்.

பக்கத்து அறையில் யாரோ ஆப்பிள் நறுக்கும் சத்தம் கேட்டது. முழுசாக நாற்பது நிமிடம் போன பிறகு, "வாங்கிக்கறேன்," என்றான். "வாங்கிக்கறேன்னு சொல்றதா, தெரியல. வேற வார்த்தை இருந்தா நீங்களே போட்டுக்குங்க."

ஆபரேஷன் முடிந்து அவன் கண்விழித்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவே அவன் கை வெளியே கிடந்தது. பிடித்துப் பாருங்கள் என்றார் நர்ஸ். விரல் வைத்தேன்.

தட்டியது.

நான்கு வருடம் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. யார் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. இதயம் கொடுத்தவர் யாரென்று சொல்ல மாட்டார்கள், அதுதான் விதி. நர்ஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி விரலை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு. அவன் தூங்கியபோதும் தொண்ணூற்றெட்டு. உட்கார்ந்தபோதும் அதேதான்.

டாக்டர் காரணம் சொன்னார்: "ரத்தக் குழாயத் தெச்சிடலாம். மூளையிலேர்ந்து இதயத்துக்கு வர்ற நரம்ப அப்படித் தெக்க முடியாது. வெட்டினது வெட்டினதுதான். இதயம் தன்னோட தாளத்தத் தானே போட்டுக்கும், அதுக்கு யாரும் சொல்ல வேணாம். ஆனா, மெதுவாப் போ, வேகமாப் போன்னு சொல்ற நரம்பு இப்ப இல்ல. பயம் வந்தா, சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பி ரத்தத்துல ஒரு சாற விடும். அது சுத்தி வந்து தொட்டாத்தான் இதயத்துக்கே சேதி தெரியும். போன் இல்லாத வீட்டுக்குத் தபால் போற மாதிரி. கொஞ்சம் லேட்டாகும்."

வீட்டுக்கு வந்தோம். ரீங்காரம் நின்றுபோன வீடு. அவன் வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். இதயம் கொடுத்தவரின் குடும்பத்துக்குப் பெயர் போடாமல் நன்றிக் கடிதம் எழுதலாம், ஆஸ்பத்திரி மூலமாகச் சேர்த்துவிடுவார்கள். மேஜையில் காகிதம் எடுத்து வைத்தான். "வணக்கம்" என்று எழுதுவான், கிழிப்பான். கோடை வந்தது, போனது. காகிதம் மேஜையிலேயே இருந்தது.

"நன்றின்னு எழுத முடியல அக்கா. அவங்க என்ன விருப்பப்பட்டா குடுத்தாங்க? அவங்க வீட்டாளு செத்ததுக்கு நன்றியா?"

அக்டோபரில் பரிசோதனை முடிந்து மலைப்பாதை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிற்பகல் வெயில். நான் ஓட்டினேன். வளைவில் ஒரு மான் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கித் தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மான் எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு மூங்கிலுக்குள் போய்விட்டது.

என் நெஞ்சு காதில் அடித்தது. தமோட்சுவைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது, கை டாஷ்போர்டை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆனால் மூச்சு சீராக இருந்தது.

"பயந்துட்டியா?"

"பயந்தேன். நான் பயந்தேன்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இது பயப்படல."

கீழே இறங்கி, சாலையோரக் கடையின் முன் காரை நிறுத்தினேன். சூடாகத் தேநீர் வாங்கி வந்தேன். என் படபடப்பு அடங்கி, மானைப் பற்றிச் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தேன். அப்போது அவன் தேநீரைக் கீழே வைத்தான். கழுத்து நரம்பு துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது.

"வந்துடுச்சு," என்றான்.

"என்னடா?"

"இப்பதான் அதுக்குத் தெரியுது."

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினாறு, நூற்று இருபது. மான் போய் எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. எங்களைச் சுற்றி யாரோ மளிகை வாங்கிக்கொண்டு போனார்கள். அவனுக்குள் ஒன்று தனியாக, எதற்கென்று தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தான். தூக்கத்தில் அலறி எழுந்த குழந்தையைத் தட்டுவது போல மெதுவாகத் தட்டினான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. மான்தான். போயிடுச்சு. யாருக்கும் அடிபடல. நீ பயப்படாதே."

அவன் பேசியது என்னிடம் இல்லை. எனக்குப் பிடரி சிலிர்த்தது. ஆனால் இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அடங்கும்வரை இருவருமாகப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரம் கடிதத்தை எழுதி முடித்தான். நான் படிக்கவில்லை. பாதிப் பக்கம்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. பல குடும்பங்கள் பதில் எழுதுவதில்லை என்றார்கள், எழுத வேண்டுமென்று நாங்களும் நினைக்கவில்லை.

இப்போது தமோட்சு டிப்போவில், பஸ்ஸில் விட்டுப்போன பொருட்களைக் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்காருகிறான். குடைகள்தான் அதிகம். நன்றாகச் சாப்பிடுகிறான், எடை கூடியிருக்கிறான்.

போன ஞாயிறு காலை பூமி லேசாக அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் உரசின, மேலே விளக்கு ஆடியது. அரை நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து, மூச்சு விட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். தமோட்சு நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை நெஞ்சில் தயாராக இருந்தது.

"வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல," என்றான்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.